மான்கொம்புப் பிடி போட்ட கத்தி

காடு வெட்டக் கத்தி வாங்கி வரச்சொல்லி என் வீட்டுக்காரரை நான் அனுப்பியது ஜொகூர் பாருவுக்கு. அவர் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கே போய்விட்டார். ஜொகூர் பாருவில் விற்கிற கத்திகள் வெறுமனே வெட்டும், அவ்வளவுதான். இவருக்கு அது போதவில்லை.

அவர் கொண்டு வந்ததைப் பார்க்க, எங்கள் ரப்பர் தோட்டத்துக் குடியிருப்பு லயத்தில் பாதிப் பேர் கூடிவிட்டார்கள். மான்கொம்பில் பிடி, பிடிக்கு மேலே பித்தளைத் தடுப்பு, ஒரு சாண் அலகு, அலகின் முதுகில் ரம்பத்துக்கு இருப்பது போலப் பல். இடுப்பில் மாட்டிக்கொள்ளப் பித்தான் வைத்த தோலுறை வேறு.

"மடக்குக் கத்தின்னு நெனச்சிடாதீங்க. பிடிக்குள்ள வரைக்கும் ஒரே இரும்பு. நம்ம துரை வேட்டைக்கு இப்படித்தான் ஒண்ணு வெச்சிருந்தாரு" என்றார்.

"துரை அதால என்னத்த வெட்டினாரு?" என்று கேட்டேன்.

துரை பங்களாவில் எடுபிடியாக இருந்தவர் அல்லவா, பொய் சொல்ல வரவில்லை. கொஞ்சம் யோசித்து, "அன்னாசிப்பழம் நறுக்குவாரு" என்றார்.

பக்கத்து வீட்டுக்காரி, "புலி வந்தா என்னாண்ணே செய்வீங்க?" என்றாள். இவர் உறையைத் தட்டிக் காட்டினார். இவர் பித்தானைக் கழற்றி முடிக்கிறவரைக்கும் எங்கள் பக்கத்துத் தெப்ராவ் காட்டுப் புலி மரியாதையாகக் கைகட்டி நிற்கும் போலிருக்கிறது.

ரப்பர் விலை படுத்துவிட்ட காலம் அது. துரை பங்களாவைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார், இவருக்கு வேலை போயிற்று. பால்வெட்டில் எனக்கு அதற்கு முன்பே போயிருந்தது. வேலையில்லாதவர்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தோட்டத்தில் மட்டும் பெரிய மனது பண்ணி ஒரு வழி விட்டார்கள். ஆற்றோரப் புதர்க்காட்டை வெட்டி, அடைமழை தொடங்குவதற்குள் குடிசை போட்டுக்கொள்கிறவர்கள் அங்கேயே காய்கறி பயிரிட்டுப் பிழைக்கலாம். குடிசை நிற்கவில்லை என்றால் கப்பல்தான். அந்தக் காட்டை அவர்கள் ஆள் வைத்து வெட்டினால் செலவு, நாங்கள் வெட்டினால் கருணை!

என் வீட்டுக்காரர் ஊரிலிருந்து கப்பலில் வந்தவர். நான் இந்த லயத்திலேயே பிறந்தவள். 'ஊருக்கு அனுப்புகிறோம்' என்று சொன்னால் அவருக்கு ஓர் ஊர் இருந்தது. எனக்கு அப்படி ஒன்றும் கிடையாது. கண்ணால் பார்க்காத ஊரில், முகம் தெரியாத அவருடைய அண்ணன்மார் வீட்டில், அடுப்படி ஓரமாக ஒண்டிக்கொண்டு கிடக்க வேண்டும். எனக்கு மெய்யாகவே பயமாக இருந்தது. பயத்தை வெளியே சொல்லாமல், அவரை ஏசுவதோடு நிறுத்திக்கொண்டேன்.

முதல் நாள் காட்டில் இறங்கினோம். இடுப்பளவு லாலான் புல், அதற்குள் முள், முள்ளுக்குள் பிரம்புக்கொடி. நம்மவர் கத்தியை உருவி ஓங்கி வீசினார். வீச்சில் ஒரு குறையும் இல்லை. கத்திக்குத்தான் கனம் இல்லை, கம்பில் பட்டுத் துள்ளித் திரும்பி வந்தது. ரம்பப் பல்லால் அறுத்துப் பார்த்தார், பச்சை நார் போய்ப் பல்லெல்லாம் அடைத்துக்கொண்டது. பொழுது சாய்கிறபோது அவர் உள்ளங்கையில் கொப்புளம். காட்டுக்கு ஒரு சேதமும் இல்லை.

மறுநாள் நானே ஆற்றின் கீழ்ப்பக்கம் இருந்த மலாய்க்காரர் ஊரான கம்பத்துக்குப் போய், அங்கிருந்த கொல்லரிடம் பாராங் கேட்டேன். புதரை வெட்ட அந்த நீளக் கத்திதான் சரி. அவர் என்னைப் பார்த்தார், என் பின்னால் யாராவது ஆம்பளை வருகிறாரா என்று பார்த்தார். பிறகு, "சுபா பெகாங்", பிடித்துப் பார் என்று ஒன்றை நீட்டினார். பிடித்துப் பார்த்தேன். கையை நீட்டி மணிக்கட்டைத் தளர்த்தினால் கத்தி தானாக முன்னால் சாய வேண்டும். கனம் முனைப் பக்கம் இருந்தால் வெட்டுகிற பாடு கத்தியுடையது, நாம் தூக்கிவிட்டால் போதும். முதுகை ஒரு கண்ணால் பார்த்தேன், கோணல் இல்லை. நகத்தால் சுண்டினேன், நல்ல சத்தம். பிடியின் கடைசி கீழ்நோக்கி வளைந்திருந்ததால் வியர்த்த கையிலிருந்தும் வழுக்காது. புடவைக்கடையில்கூட நான் இத்தனை நேரம் நின்றதில்லை.

அதற்குப் பிறகு வேலை ஓடியது. நான் வெட்டினேன், அவர் இழுத்துப் போட்டார். இழுத்துப் போடுகிறபோதும் சிங்கப்பூர்க் கத்தி இடுப்பில்தான். ஒரு நாளைக்கு எத்தனை தடவை தலைவலி என்று உட்கார்ந்தார் என்பதை விட்டுவிடுகிறேன். எப்படியோ மூன்று மூலைக்குக் கால் நட்டாயிற்று, கூரைக்கு அத்தாப்பு ஓலையும் வந்து சேர்ந்தது. நாலாவது காலும், குறுக்குக் கம்புகளும், கட்டப் பிரம்பும்தான் பாக்கி. அந்த நேரம் பார்த்து ஆயுத பூஜை வந்தது.

வேலை என்றால் வராத சுறுசுறுப்பு பக்தி என்றால் அவருக்கு வந்துவிடும். எனக்குத் தெரியாமல் பானையில் புளியும் சாம்பலும் போட்டுக் கொதிக்கவைத்து, பாராங்கைப் பிடியோடு உள்ளே இறக்கி ஊறவைத்திருக்கிறார். வெளியே எடுத்துத் தேய்த்ததில் அது கல்யாணக் குத்துவிளக்காய் மின்னியது. சந்தனம், குங்குமம் வைத்துப் படத்துக்கு முன்னால் படுக்கவைத்து, நடுநாயகமாகத் தன் கத்தியை நிறுத்தினார். அன்னாசிப்பழம் நறுக்கிய பரம்பரைக்கு உரிய மரியாதை.

மறுநாள் விஜயதசமி. நல்ல காரியம் தொடங்குகிற நாள். முதல் வெட்டு ஆம்பளை கையால்தான் விழ வேண்டும் என்று, அரைக் குடிசைக்கு முன்னால் பூசணிக்காய் வைத்துப் பாராங்கை ஓங்கினார். பிடி அவர் கையிலேயே நின்றது. அலகு மட்டும் தலைக்கு மேலே பறந்து போய், ஆற்றோரச் சதுப்பில் 'தொபுக்'கென்று விழுந்து மறைந்தது. பாராங் அலகின் வால்பக்கத்தைப் பிடிக்குள் அரக்கு வைத்துத்தான் இறுக்குவார்கள். கொதிநீரில் அரக்கு இளகும் என்று யாரும் சாமிக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. பூசணிக்காய் மட்டும் பத்திரமாக இருந்தது.

இடுப்புவரை சேற்றில் இறங்கித் துழாவினேன். ஒன்றும் அகப்படவில்லை. இரவல் கேட்கலாமென்றால் அன்றைக்கு யாரும் ஆயுதத்தைக் கைமாற்ற மாட்டார்கள், கூடவே தொழிலும் போய்விடுமாம். போவதற்குத் தொழில் இருந்தால் அல்லவா! மறுநாள் காலையில் தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கிற கண்டக்டர் குடிசைகளைப் பார்க்க வருகிறார். மேற்கே மானம் கறுத்துக்கொண்டு வந்தது.

சேற்றிலிருந்து ஏறி அவர் முகத்தைப் பார்த்தேன். வருத்தம் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. பாரத்தை இறக்கிவைத்தவனின் நிம்மதி இருந்தது. வேண்டுமென்று வெந்நீரில் போட்டவர் இல்லை, அந்த அளவுக்கு யோசிக்கிற ஆளுமில்லை. ஆனால் நடந்ததில் அவருக்குச் சந்தோஷம். இத்தனை நாள் வந்த தலைவலியெல்லாம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"ஊருக்குப் போணும்னு இருக்கா?"

அவர் தரையைப் பார்த்தார். "எங்கம்மாவுக்கு வயசாயிடுச்சு. ரெண்டு பேருமா போயிடலாமே. இங்க என்னா இருக்கு?"

எனக்கு வந்த கோபத்தில் கையில் பாராங் இல்லாதது அவருடைய நல்ல காலம். ஆனால் குரல் உயரவில்லை.

"நீங்க போங்க. நான் வரல. கத்திய மட்டும் வெச்சிட்டுப் போங்க."

அவர் விளையாட்டென்று நினைத்திருக்க வேண்டும். என் முகத்தைப் பார்த்துவிட்டு உறையோடு கழற்றிக் கொடுத்தார்.

அந்தக் கத்தியை வீசினால்தானே துள்ளும்? நான் வீசவில்லை. பிரம்பின் முனையில் அலகை வைத்து, முதுகில் கட்டையால் தட்டிப் பிளந்தேன். அந்த வேலைக்கு அது மோசமில்லை. கால் நடுவதற்கான மரம்தான் மசியவில்லை. இளமரத்தை வளைத்துப் பிடித்தால், விறைத்து நிற்கிற வளைவில் சின்னக் கத்தியும் இறங்கும். வளைக்க எனக்குக் கனம் போதவில்லை. தொங்கினால் மரம் என்னைத்தான் மேலே தூக்கியது.

அவர் போகாமல் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார். கிட்டே வந்து, இரண்டு கையாலும் மரத்தைப் பிடித்துத் தன் முழு உடம்பையும் போட்டுத் தொங்கினார்.

"வெட்டு" என்றார்.

வெட்டினேன். மரம் முறிந்து அவரையும் சேர்த்துத் தரையில் தள்ளியது. எழுந்து அடுத்ததைப் பிடித்தார். மழை வந்தது, நனைந்துகொண்டே ஓலையைக் கட்டினோம். தலைவலி என்று அன்றைக்கு அவர் உட்காரவில்லை.

காலையில் கண்டக்டர் வந்து நாலு காலையும் ஆட்டிப் பார்த்தார். விழவில்லை. கொஞ்சம் ஏமாற்றத்தோடு என் வீட்டுக்காரரிடம் திரும்பினார்.

"என்னப்பா, கப்பலுக்குப் பேர் குடுக்கறேன்னு போன வாரம் எங்கிட்ட வந்து சொன்னியே? என்னாச்சு?"

அவர் என்னைப் பார்க்காமல், வெறும் இடுப்பைத் தடவிக்கொண்டார்.

"எப்படிங்க போறது? கத்தி இவகிட்ட மாட்டிக்கிச்சே."

கண்டக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் ஓலையைச் சரிசெய்கிற சாக்கில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். என்னை அழவைத்துவிட்டது தெரிந்தால், என் வீட்டுக்காரர் அதையும் லயம் பூராவும் சொல்லிப் பீற்றிக்கொள்வார்.