சின்னம்மாவின் ஆணிப்பலகை

வெங்காயத்தை ஆணியில் குத்தி இறக்கும்போது ‘நறுக்’கென்று ஒரு சின்னச் சத்தம் வரும், அதற்குப் பிறகுதான் கத்தி பலகையில் படுகிற சத்தம். எண்பதுகளின் கடைசியில் வெம்பிளியில் நாங்கள் இருந்த வீட்டில், பள்ளிக்கூடம் விட்டு வந்து கதவைத் திறக்கும்போதே, குசினிக்குள் நிற்பது அம்மாவா சின்னம்மாவா என்பதை அந்தச் சத்தத்தை வைத்தே நான் சொல்லிவிடுவேன்.

சின்னம்மா என்பது அம்மாவின் ஒரே தங்கை தவமலர். யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் மனையியல் ரீச்சராக இருந்தவர். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்களிடம் வந்து சேர்ந்தார். அப்போது அவருடைய இடது கை முழங்கைக்குக் கீழே இல்லை. கேட்பவர்களுக்கு, “ஷெல் விழுந்தது, கை போச்சுது” என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொள்வார். அதற்கு மேல் எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை.

அம்மா தன் தங்கையைத் தாங்கித் தாங்கிப் பார்த்தார். தலைமயிரை வாரி இழுத்துவிடுவதும் உடுப்புத் தோய்ப்பதும் மட்டுமல்ல, மீனை முள் எடுத்து உதிர்த்துச் சோற்றுக் கோப்பையில் போட்டு, மேலே குழம்பும் விட்டுக் கொண்டுவந்து கையில் கொடுப்பார். சின்னம்மா குசினி வாசலுக்கு வந்தாலே, “நீ போய் இரு தவம், நான் செய்யிறன்” என்பார். நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குச் சமையல் படிப்பித்த ஒருவர், முன்னறையில் இருந்து விளங்காத ரீவி நிகழ்ச்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் சாப்பாட்டுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, கோபமே இல்லாத குரலில் சொன்னார்: “அக்கா, நீங்கள் என்னை நல்லாத்தான் பாக்கிறியள். ஆனா இப்பிடியே இருந்தா எனக்கு விசர் பிடிச்சிடும்.”

அடுத்த மாதமோ அதற்கடுத்த மாதமோ ஊர்க் கவுன்சிலிலிருந்து ஜேனட் என்றொரு பெண் வந்தார். கை கால் ஏலாதவர்கள் தங்கள் வீட்டு வேலைகளைத் தாங்களே செய்யப் பழக்குவது அவருடைய உத்தியோகம். என்ன செய்யப் பழகவேண்டும் என்று அவர் கேட்டார். குளிக்க, சேலை உடுக்க என்று தங்கை சொல்வாள் என அம்மா எதிர்பார்த்திருக்கவேண்டும். சின்னம்மா யோசிக்காமல், தன்னுடைய நிதானமான பள்ளிக்கூட ஆங்கிலத்தில், சமைக்கவேண்டும் என்றார்.

ஜேனட் மறுமுறை வந்தபோது கார் நிறையச் சாமான் இருந்தது. நடுவில் கூரான ஆணிகள் நிமிர்ந்து நிற்கிற ஒரு வெள்ளைப் பலகை. வெங்காயத்தையோ உருளைக்கிழங்கையோ அதில் குத்திவிட்டால், பிடிக்க ஒரு கை இல்லாமலே வெட்டலாம். சட்டி வழுக்காமலிருக்க அடியில் போடுகிற நீல நிற ரப்பர் விரிப்பு. கேத்திலைத் தூக்காமல் இருந்தபடியே சரித்து ஊற்றுகிற ஒரு கம்பிக்கூடு. சோற்றை வடிக்கப் பானையைத் தூக்கிச் சரிக்காமல், உள்ளே வைத்து அவித்துவிட்டுத் தூக்கி எடுக்கிற சல்லடைக் கூடை. பிறகு அலுமாரித் தட்டின் அடியில் பூட்டிவிட்ட ஒரு பல்லு வைத்த இரும்பு. போத்தல் மூடியை அதற்குள் செருகித் திருகினால் திறந்துவிடும். அப்பா இவற்றுக்கெல்லாம் உடனே பெயர் வைத்தார்: ‘ஆணிப்பலகை’, ‘ஒட்டுப்பாய்’, ‘சரிப்பான்’, ‘முதலைவாய்’.

அம்மாவுக்கு ஆணிப்பலகையைக் கண்ணில் காட்டக்கூடாது. “ஆக்கள் வந்து பாத்தா என்ன நினைப்பினம்?” என்று அதை அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்துவிடுவார். சின்னம்மா எடுத்துவந்து திரும்பவும் மேசையில் வைப்பார். இது பல நாள் நடந்தது. ஆக்கள் என்பது ஒரு சாட்டு என்றுதான் இப்போது நினைக்கிறேன். தங்கை ஆணியில் குத்தி வெட்டுவதைப் பார்க்க அம்மாவால் முடியவில்லை.

வெள்ளைக்காரர்களின் சமையலுக்குச் செய்த சாமான்கள் என்பதால் எங்கள் சமையல் அவற்றுக்குச் சிலநேரம் ஒத்துவரவில்லை. ஆணிப்பலகையின் தடித்த ஆணியில் குத்தினால் சின்ன வெங்காயம் இரண்டாகப் பிளந்து ஓடும். பெற்றோல் நிலையத்தில் வேலை செய்த அப்பாவுக்கு எதையாவது கழற்றிப் பூட்டுவதில் விருப்பம் அதிகம். பலகையின் ஓரத்தில் துருப்பிடிக்காத மெல்லிய ஆணிகளை நெருக்கமாக இறக்கிக் கொடுத்தார். மீனை, தலையைப் பெரிய ஆணியில் குத்திக்கொண்டு, சின்னம்மாவே செதில் எடுத்தார். தேங்காய்தான் பெரிய பாடு. திருவலைப் பலகையில் குந்தியிருந்து தேங்காயைத் திருவ இரண்டு கையும் வேண்டும். அப்பா தச்சுவேலைக்கு வைத்திருந்த, திருகி இறுக்குகிற இரும்புப் பிடியை மேசையோரத்தில் பூட்டிவிட, சின்னம்மா பாதித் தேங்காயைத் துணி சுற்றி அதில் தானே இறுக்கிக்கொண்டு, பல்லு வைத்த கரண்டியால் உள்ளேயிருந்து சுரண்டி எடுத்தார். அதைப் பார்த்த ஜேனட், இதை மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுக்கலாமா என்று கேட்டபோது, அப்பா கொஞ்சம் நிமிர்ந்து நின்றார். இடியப்பம் மட்டும் கடைசிவரை சரிவரவில்லை. உரலை வைத்துப் பல நாள் மல்லுக்கட்டிவிட்டு, “இதைக் கடையில வாங்கலாம்” என்று சின்னம்மா எழும்பிவிட்டார்.

இந்த நேரத்தில்தான் ரெய்னர்ஸ் லேனில் கவுன்சில் ஒரு சின்ன ஃபிளாட் தருவதாகச் சொன்னது. சின்னம்மா போகிறேன் என்றார். வீட்டில் பெரிய பிரச்சினை.

“தனிய இருந்து என்னெண்டு சமைப்பாய்? சுடுதண்ணி ஊத்துப்பட்டா ஆர் பாக்கிறது?” என்று அம்மா அழுதார்.

“ஞாயிற்றுக்கிழமை நான் சமைக்கிறன்,” என்றார் சின்னம்மா. “நீங்கள் குசினிக்கை வரக்கூடாது. சாப்பிட்டுப்போட்டுச் சொல்லுங்கோ, எனக்கு ஏலுமோ ஏலாதோ எண்டு.”

அந்த ஞாயிறு அம்மா முன்னறையில் இருந்தார் என்று சொல்லமுடியாது. கதிரையின் நுனியில் தொங்கிக்கொண்டிருந்தார். உள்ளே கேட்கிற ஒவ்வொரு சத்தத்துக்கும் தலை திரும்பியது. மத்தியானம் ஆகிற நேரத்தில் பெரிதாக ஏதோ விழுந்து உருண்டது. அம்மா எழும்பிவிட்டார்.

“நீர் இரும்,” என்றார் அப்பா. அம்மாவிடம் அவர் அப்படிக் கண்டிப்பாகப் பேசி நான் கேட்டதில்லை.

உள்ளேயிருந்து சின்னம்மாவின் குரல் வந்தது: “ஒண்டுமில்லை அக்கா. சொதிச் சட்டி விழுந்திட்டுது. நான் தள்ளித்தான் நிண்டனான். திரும்ப வைக்கிறன்.”

நிலத்தைத் துடைக்கிற சத்தம் நெடுநேரம் கேட்டது. பிறகு, சொதிக்குப் பால் பிழிய மறுபடியும் தேங்காய் சுரண்டுகிற சத்தம். பசியில் நான் பிஸ்கற் கேட்டதற்கு அம்மா, குசினிக் கதவைப் பார்த்தபடியே, “கொஞ்சம் பொறு” என்றார்.

மூன்று மணியும் தாண்டித்தான் சாப்பிட்டோம். சோறு, மீன்குழம்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, சம்பல், இரண்டாம் முறை வைத்த சொதி. சின்னம்மாவின் சட்டையெல்லாம் மஞ்சள், நெற்றியில் வியர்வை. அவர் உட்காராமல் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா குனிந்தபடி ஒவ்வொன்றாகச் சோற்றோடு பிசைந்து சாப்பிட்டார்.

“கத்தரிக்காயில உப்புக் கூடிப்போச்சு,” என்றார் அம்மா.

சின்னம்மா விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். “ஓம், கூடத்தான்,” என்றார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் ஒரு தேத்தண்ணி போட்டாலும் அம்மா, “நல்லாயிருக்குது, நல்லாயிருக்குது” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். முதல்தடவையாகக் குறை சொல்லியிருந்தார். சின்னம்மாவின் சிரிப்பைப் பார்த்து அம்மாவுக்கும் சிரிப்பு வந்தது, கண்ணீரும் வந்தது. “சொதி நல்லாயிருக்குது,” என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார். “கொஞ்சம் விடு.”

அந்த வசந்தத்தில் சின்னம்மா ரெய்னர்ஸ் லேனுக்குப் போனார். அப்பாதான் எல்லாச் சாமான்களையும் கொண்டுபோய்ப் பூட்டிக் கொடுத்தார். முதல் வருடம் முழுவதும் அம்மா வாரம் தவறாமல் கறி சமைத்து டப்பாக்களில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். சின்னம்மா அதை வாங்கிக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, தான் சமைத்ததை அதே டப்பாக்களில் நிரப்பித் திருப்பி அனுப்பினார்.

இப்போது ரெய்னர்ஸ் லேனில் அந்த ஃபிளாட் இருந்த கட்டடம் இல்லை. இடித்துவிட்டு உயரமாக வேறொன்று கட்டியிருக்கிறார்கள். அப்பாவும் இல்லை. ஜேனட் வேலை செய்த அலுவலகம் எப்போதோ மூடப்பட்டுவிட்டது; அந்த மாதிரிச் சாமான்களை இன்று படம் பார்த்து வாங்கினால் மறுநாள் வீட்டு வாசலில் கிடக்கின்றன. திருவிய தேங்காய்ப்பூ உறையவைத்த பைக்கற்றில் எந்தத் தமிழ்க் கடையிலும் இருக்கிறது. பழைய சாமான்களை எல்லாம் என்ன செய்தீர்கள் என்று சின்னம்மாவிடம் ஒருமுறை கேட்டேன். “வீடு மாறேக்கை எறிஞ்சுபோட்டன். இப்ப புதுசு இருக்கேக்கை அதுகளை வைச்சு என்ன செய்யிறது?” என்றார்.

சின்னம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. ஹரோவில் நிலமட்டத்தில் ஒரு வீட்டில் தனியாக இருக்கிறார். நேற்றுப் பின்னேரம் ஃபோன் எடுத்தார்.

“சனிக்கிழமை எல்லாரும் சாப்பிட வாங்கோ. அக்காட்டைச் சொல்லு, ஒண்டும் சமைச்சுக்கொண்டு வரவேண்டாமெண்டு.”

சொன்னேன். அம்மா தலையாட்டிவிட்டு, கத்தரிக்காய் இருக்கிறதா என்று பார்க்கக் குளிர்பெட்டியைத் திறந்தார்.