ஏழாவது வரியில் போட்ட சரி

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் வாசலில் ஒரு கடுதாசி தொங்குகிறது. எந்தக் கிழமை எந்த வீட்டார் மாடிப்படியைத் துடைக்க வேண்டும் என்று கட்டம் கட்டமாகப் போட்டிருக்கும். துடைத்தவர் தன் கட்டத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். மேற்பார்வைக்கு ஒருவரும் வருவதில்லை. வந்த புதிதில் இது எனக்குப் பெரிய வேடிக்கை. வேலையால் களைத்து வந்த நாட்களில் துடைக்காமலே கையெழுத்தை வைத்துவிட்டு ஏறிப் போயிருக்கிறேன். இந்தச் சனங்கள் உண்மையாகவே துடைத்த பிறகுதான் கையெழுத்து வைக்கிறார்கள் என்பது விளங்கக் கன காலம் எடுத்தது. எனக்குத் தெரிந்த கடுதாசி, இலங்கையில் போர் நடந்தபோது சோதனைச் சாவடியில் சென்றி நிற்பவனிடம் நீட்டித் தப்பிப் போவதற்கானது. அதில் எழுதியிருப்பது மெய்யா என்று நாங்களே பார்ப்பதில்லை. முப்பது வருடமாகியும் அந்தப் புத்தி என்னை விடவில்லை என்று இந்த வருடம்தான் கண்டுகொண்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஊரில் இருந்து வாசிப்பவர்களுக்கும் என்னைப் போல இங்கே வந்து சேர்ந்தவர்களுக்கும் சொல்லத்தான் வேண்டும்.

எங்களுக்கு மேல்மாடியில் இங்கிரிட் இருக்கிறார். நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், கணவரை இழந்தவர். கணவர் விட்டுப்போன பழைய வோன்மொபில் ஒன்று அவரிடம் உண்டு. படுக்கையும் அடுப்பும் வைத்த, லொறி அளவான வீட்டு வண்டி. லொறிக்கு உள்ளது போலக் காற்றுப் பிரேக். மிதித்தால் ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ள ரப்பர் சவ்வைக் காற்றுத் தள்ளும், சவ்வு தண்டைத் தள்ளும், பிரேக் பிடிக்கும். ஒஸ்ரியாவின் மலைப்பக்கத்தில் இருக்கும் தங்கையின் எழுபதாவது பிறந்தநாளுக்கு அந்த வண்டியில் போக அவருக்கு ஆசை. நான் லொறி திருத்தும் பட்டறையில் வேலை செய்பவன். சனிக்கிழமைகளில் பட்டறை முற்றத்தில் வைத்துப் பழுதான பிரேக் சாமான்களை மாற்றித் தருகிறேன் என்று நானாகவே சொன்னேன்.

இங்கிரிட் சதுரக்கோட்டுத் தாளில் பதினொரு வரி எழுதி வந்தார். குழாய்கள், வால்வுகள், காற்றை உலர்த்தும் குப்பி, சவ்வுகள் நான்கு. மாற்ற மாற்ற நான் சரி போட வேண்டும். வெடித்துப்போன குழாய்களைக் கழற்றினேன், புதியவற்றைப் பூட்டினேன், சவர்க்காரத் தண்ணீர் தடவிக் காற்று கசிகிறதா என்று பார்த்தேன். ஏழாவது வரியில் வந்து நின்றேன். பின் இடது சக்கரத்துக்கு வந்த சவ்வு அளவு பிழை. சரியானது வர மூன்று கிழமை. பயணமோ மறுநாள்.

போர்க்காலத்தில் வன்னியில் லொறி ஓட்டினேன். உதிரிப்பாகம் ஒன்றும் உள்ளே வர விடாத காலம். கிழிந்த சவ்வைத் திருப்பிப் போட்டு, ரியூப் துண்டு ஒட்டி ஓட்டுவோம். காற்றுக் கசிவைப் பார்க்கச் சவர்க்காரமும் இல்லை, எச்சில்தான். மூட்டைக்கு மேல் ஏறுகிற சனம் கேட்கும்: “அண்ணை, பிரேக் பிடிக்குமோ?”

“பாதி பிடிக்கும். மிச்சத்துக்குக் கடவுளைப் பிடியுங்கோ” என்பேன்.

சிரித்துக்கொண்டே ஏறுவார்கள். என்னைக் கெட்டிக்காரன் என்பார்கள்.

அந்தக் கெட்டித்தனம் அன்று கையில் ஏறிவிட்டது. வெடிப்பு விழுந்த பழைய சவ்வைத் துடைத்தேன், திருப்பினேன், ரப்பர் ஒட்டினேன், பூட்டினேன். ஒரு குமிழிகூட வரவில்லை. உள்ளுக்குள் பெருமைதான். ஏழாவது வரியிலும் சரி போட்டேன்.

“ஏழாவது கொஞ்சம் கஷ்டம் தந்தது. ஆனால் பிரச்சினை இல்லை” என்று என் ஜெர்மன் மொழியில் இங்கிரிட்டிடம் சொன்னேன். அவர் விளங்கிக்கொள்ளட்டும் என்று பாதியைச் சொன்னேனா, விளங்காமல் போகட்டும் என்று சொன்னேனா, இன்றும் தெரியவில்லை.

“நீங்கள் பிரச்சினை இல்லை என்றால் இல்லைத்தான்” என்றார். தாளை மடித்து வண்டியின் ஆவணங்களோடு வைத்தார்.

ஞாயிறு காலை வழியனுப்ப இறங்கினோம். என் மகள் ஆரணி பான் நகரில் படிக்கிறாள். இங்கிரிட் அந்த வழியாகத்தான் போகிறார். ஆரணி பையைத் தூக்கி வண்டிக்குள் எறிந்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

“அப்பா, பான் வரைக்கும் நான் இதில போறன்.”

“ஏலாது! இறங்கு!”

நான் போட்ட சத்தத்தில் எதிர் வீட்டு யன்னல் திறந்தது. அவளுடைய பையை வெளியே இழுத்துவிட்டேன். “ரெயினில போ” என்றேன்.

இங்கிரிட்டுக்குத் தமிழ் தெரியாது. என் முகத்தையும் பையையும் பார்த்தார். இயந்திரத்தை நிறுத்தினார். தாளை எடுத்து என் முன்னால் பிடித்தார்.

“எந்த வரி?”

ஏழாவதைத் தொட்டுக் காட்டினேன்.

ஆரணிக்கும் விளங்கிவிட்டது. மெல்லத்தான் கேட்டாள். “அப்பா, அப்ப இங்கிரிட் ஆன்ரி மட்டும் போகலாமோ?”

வன்னியில் ஒட்டுப் போட்ட லொறியில் ஏறிய ஒவ்வொருவருக்கும் அது ஒட்டு என்று தெரியும். ஓட்டியவனும் நான்தான். வேறு வழி எங்களுக்கு இருக்கவில்லை. இங்கே மூன்று கிழமை பொறுத்தால் போதும். பேசாமல் இருந்து ஒரு மனுசியை மலை இறக்கத்துக்கு அனுப்பப் பார்த்தேன். என் பிள்ளை ஏறியபோதுதான் எனக்கு வாய் வந்தது. அதை நினைக்கிற ஒவ்வொரு முறையும் என் மேலேயே எனக்கு அருவருப்பு வருகிறது.

இங்கிரிட் என்னை ஏசவில்லை. ஏசியிருக்கலாம். ஏழாவது வரியின் சரியைக் கோடிட்டு வெட்டினார். பிறகு மாடிப்படியில் நின்றபடியே தங்கைக்குத் தொலைபேசி எடுத்தார். பிறந்தநாளுக்கு வர முடியாது, வண்டி இன்னும் ஆயத்தமில்லை என்று மட்டும் சொன்னார். என் பெயரைச் சொல்லவில்லை.

மூன்று கிழமையும் அந்த வண்டி சக்கரத்துக்குக் கட்டை வைத்தபடி எங்கள் குசினி யன்னலுக்கு நேரே நின்றது. நான் தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போய்க் குடித்தேன். சவ்வு வந்ததும் இங்கிரிட் பக்கத்தில் நிற்க மாற்றினேன். ஒட்டுப் போட்ட பழையதை அவர் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேனையை நீட்டினார். வெட்டியிருந்த சரிக்குப் பக்கத்தில் புதிய சரி போட்டுக் கீழே என் முழுப் பெயரையும் எழுதினேன்.

“பிந்தினாலும் தங்கையிடம் போகப் போகிறேன். இப்போது ஆரணி வரலாமா?” என்று கேட்டார்.

“வரலாம். பான் வரைக்கும் நானும் வருகிறேன்” என்றேன்.

ஆரணி பின்னால் இருந்தாள். நான் முன்னால், வலது பக்கம். ஊரில் சாரதி இருக்கும் பக்கம் அது. வழியில் வுப்பர்ட்டால் நகரைத் தாண்டும்போது பாதை நீளமாக இறங்கத் தொடங்கியது. என் வலது கால் தானாகவே நீண்டு, வெறும் தகரத்தை அழுத்தி மிதித்தது. இங்கிரிட் அதைக் கண்டார்.

“அங்கே ஒன்றும் இல்லை. பிரேக் என்னிடம் இருக்கிறது.”

“ஓம்” என்றேன் தமிழில். வண்டி மெதுவாகி ஒழுங்காகத்தான் இறங்கியது. நான் காலை எடுக்கவில்லை.