விசிறி நின்ற நேரம்

எங்கள் வீட்டில் ஒரு பழைய மேஜை விசிறி இருக்கிறது. போட்டால் கல் ரோட்டில் மாட்டுவண்டி போவதுபோலக் கடகடக்கும். காற்று என்னவோ சுமார்தான். மகன் அதை ரிப்பேருக்குத் தூக்கிக்கொண்டு போகப் பலமுறை பார்த்தான், நான் விடவில்லை. இந்தச் சத்தத்துக்காகவே ஒருவர் இதைக் கட்டிக் காப்பாற்றினார் என்று சொன்னால் இன்றைய பிள்ளைகளுக்குச் சிரிப்புத்தான் வரும். எனக்கு வருவதில்லை.

அவர் நோட்டரி. வக்கீல்தான், ஆனால் கோர்ட்டில் வாதாடுவதை என்றோ விட்டுவிட்டார். சிம்மக்கல்லில் மொத்த வியாபாரக் கடைகளுக்கு மேலே, மல்லி வாசனையும் மிளகாய் நெடியும் ஏறிவரும் ஒரு மாடியில் அலுவலகம். எழுபதுகளின் கடைசியில், டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்த கையோடு அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். முன்னறையில் என் மெஷினும், வந்தவர்கள் உட்காரும் பெஞ்சும். உள்ளறையில் சார். நடுவே ஒரு பலகைத் தடுப்பு, அதுவும் கூரைவரை எட்டாது. உடன்பிறந்தவர்களிடம்கூடச் சொல்லாததை ஜனங்கள் அந்தத் தடுப்புக்குப் பின்னால் போய்ச் சொல்வார்கள். எந்தப் பிள்ளை தத்தெடுத்தது, எந்தக் கல்யாணம் முதலாவது, எந்த ஊரில் எந்தப் பெயர் இருந்தது, எல்லாம். அதை நான் உறுதிமொழிப் பத்திரமாக அடித்துக் கொடுக்க, அவர்கள் சார் முன்னால் சத்தியம் செய்து கையெழுத்துப் போடுவார்கள். அவர் முத்திரை வைப்பார்.

எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், பத்திரத்தை முழுக்கத் தமிழில் வாசித்துக் காட்டி, 'சரிதானா' என்று கேட்ட பிறகே கைநாட்டு வாங்கவேண்டும் என்பது முறை. 'வாசித்துக் காட்டப்பட்டது' என்று ஒரு ரப்பர் ஸ்டாம்பைக் குத்திவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுகிறவர்கள் அப்போதும் உண்டு. சார் ஒரு எழுத்து விடமாட்டார். வாசித்தால்தான் சத்தியம், வாசித்தால் பெஞ்சுக்குக் கேட்கும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் விசிறி வந்தது. தடுப்பை ஒட்டி வைத்து, வாசிக்கும் முன் சுவிட்சைப் போடுவார். மார்கழிக் குளிரிலும் போடுவார். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடுங்குகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். சேர்ந்த புதிதில், சத்தம் பொறுக்காமல் அதற்கு எண்ணெய் விட்டுவைத்தேன். மறுநாள் அது பூனைபோல ஓடியது. சார் முகம் சுண்டிப்போனது.

"காத்துக்குன்னா ஜன்னலத் தொறந்துக்கிட மாட்டேனாம்மா? அது சத்தம் போடுறதுக்குத்தான் இருக்கு" என்று சொல்லி, அதன் கம்பிக் கூண்டில் ஒரு தகரத் துண்டைச் செருகினார். பழைய கடகடப்பு திரும்பியதும்தான் அவருக்கு நிம்மதி.

அவரிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. அலுவலகத்துக்கு வந்துபோன யாரையும் வீதியில் பார்த்தால் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ள மாட்டார். கோயில் வாசலில் எதிரே வந்து கும்பிட்டாலும் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே போய்விடுவார். ஊரில் அவருக்குத் தலைக்கனம் பிடித்தவர் என்றுதான் பெயர். ஒருநாள் நானே கேட்டுவிட்டேன். "நான் ஒரு கும்புடு போட்டா, பக்கத்துல இருக்கவன் 'இவர ஒனக்கு எப்புடித் தெரியும்'னு கேப்பான். அதுக்கு அந்த ஆளு ஒரு பொய் சொல்லணும். எதுக்கு?" என்றார். அதற்குப் பிறகு அவரைத் தலைக்கனம் என்று யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர்களிடம் காரணத்தைச் சொல்லவும் முடியாது.

எண்பதுகள் பிறந்தபோது சாருக்குக் காது மந்தமாகத் தொடங்கியது. இரண்டு தரம் சொன்னால்தான் விளங்கும். அவருக்கு அது தெரியவில்லை, மற்றவர்கள்தான் இப்போதெல்லாம் முணுமுணுக்கிறார்கள் என்று குறைப்பட்டுக்கொண்டார். விசிறிச் சத்தத்தில் தன் குரல் தனக்கே கேட்கவில்லையோ என்னவோ, வாசிக்கும் குரல் மெல்ல மெல்ல ஏறியது. "சார், சத்தம் கொஞ்சம் வெளிய வருது" என்று சொல்லிப் பார்த்தேன். "இந்தக் கடகடப்பத் தாண்டியா?" என்று சிரித்தார். அப்போதைக்கு அது உண்மையும்தான். குரல் வந்ததே தவிர, சொல் வரவில்லை.

அந்த நாட்களில் டவுன் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு அக்கா இட்லிக் கடை வைத்திருந்தார். கடை என்றால் ஒரு தள்ளுவண்டியும் இரண்டு மர ஸ்டூலும். விடிந்தால் மூட்டை தூக்குகிறவர்களும் மண்டிக்காரர்களும் அங்கேதான் நிற்பார்கள். வீட்டுக்காரர் பம்பாயில் வேலை பார்ப்பதாக அக்கா சொல்லுவார். ஒரே மகள், ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. சேர வேண்டுமென்றால் தகப்பன் கையெழுத்து வேண்டும், இல்லாவிட்டால் ஏன் இல்லை என்று தாய் சத்தியம் செய்து தரவேண்டும் என்று கேட்டிருந்தார்கள். தகப்பன் பம்பாயில் இல்லை. தொழுநோய் கண்டு, சிகிச்சை இல்லம் ஒன்றில் இருந்தார். தாயையும் மகளையும் டாக்டர்கள் சோதித்து ஒன்றுமில்லை என்று எழுதியும் கொடுத்திருந்தார்கள். ஆனால் அந்தக் காலத்தில் டாக்டர் எழுத்தை யார் பார்த்தார்கள்? பெயரைச் சொன்னாலே தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள். விஷயம் வெளியே வந்தால் அந்தக் கையால் அவித்த இட்லியை யாரும் தொடமாட்டார்கள். அதனால்தான் அந்த அக்கா என் மெஷின் பக்கத்தில் குனிந்து, "எழுத்துல இருக்கட்டும் தாயி, வாயில வந்துறக் கூடாது" என்றார்.

கோடைக்காலம், பகல் வேளை. பெஞ்சில் ஒரு மண்டிக்காரர் மட்டும் ஏதோ நகலில் முத்திரை வாங்கக் காத்திருந்தார். உள்ளே விசிறி கடகடத்தது, அந்த அக்கா கைநாட்டு என்பதால் சார் வாசிக்கத் தொடங்கினார். கரண்ட் போனது. விசிறி நின்றது. அது நின்றது சாருக்குக் கேட்கவில்லை. கண்ணும் பத்திரத்தில் இருந்தது. விசிறியை வெல்ல ஏற்றிவைத்த குரல் அப்படியே, அந்த அமைதிக்கு நடுவில், மேடையில் பேசுவதுபோல் வந்தது. "என் கணவர் தொழுநோய் சிகிச்சைக்காக..."

வாசிக்கும்போது யாரும் உள்ளே வரக்கூடாது என்பது அவர் வைத்த சட்டம். நான் மெஷினில் வெறும் தாளைச் செருகி, கைக்கு வந்த எழுத்தையெல்லாம் ஓங்கி ஓங்கி அடித்தேன். எழுத்துக் கம்பிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன. பிறகு சட்டத்தை உதறிவிட்டு உள்ளே ஓடி, அவர் கையிலிருந்த தாளின்மேல் என் கையை வைத்தேன். அவர் என்னைக் கோபமாகப் பார்த்தார், பிறகு விசிறியைப் பார்த்தார். அந்த அக்கா தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். நான் வெளியே வந்தபோது மண்டிக்காரர் எழுந்து நின்றிருந்தார்.

"ஏம்மா, இது நம்ம இட்லிக்கார அக்காதான?"

"எனக்குத் தெரியாதுண்ணே" என்றேன். தினமும் அந்தக் கடையில் சாப்பிட்டவர் அவர். முத்திரை வாங்காமலே படியிறங்கிப் போனார்.

அந்த வாரமே வண்டியைச் சுற்றிக் கூட்டம் குறைந்தது. யாரும் சண்டை போடவில்லை, ஏசவில்லை, கொஞ்சம் தள்ளி வேறு கடைக்குப் போனார்கள், அவ்வளவுதான். அது சார் காதுக்கு எப்படியோ எட்டியது. வீட்டுச் சாப்பாட்டைத் தவிர வேறு எதையும் தொடாத மனிதர், கறுப்புக் கோட்டோடு போய் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து இட்லி தின்றார். மறுநாளும் போனார், அதற்கடுத்த நாளும் போனார். நாலு பேர் பார்க்கட்டும், பயம் தெளியட்டும் என்று நினைத்தார். எனக்கும் அது பெரிய காரியமாகத்தான் தெரிந்தது.

ஒரு மத்தியானம் அந்த அக்கா மாடியேறி வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. சாருக்குக் கேட்கவேண்டும் என்று பக்கத்தில் போய்ச் சொன்னார்.

"ஐயா, கோவிச்சுக்கிடாதீக. நீங்க கடைக்கு வராதீக. கோட்டுப் போட்ட வக்கீலு எதுக்குத் தெனமும் இங்கன வந்து திங்காருன்னு தெரியாதவனும் கேக்கான். கேட்டவனுக்கு வெவரம் சொல்ல ஆளு இருக்கு. நீங்க வர வரத்தான் அம்புட்டுப் பேருக்கும் தெரிஞ்சு போச்சு."

வீதியில் ஒரு கும்பிடுகூடப் போடாமல் காத்த மனிதருக்கு இதைவிடப் பெரிய அடி வேறு என்ன இருக்க முடியும்? அவருடைய சட்டத்தை அவருக்கே சொல்லிக்காட்ட வேண்டியதாகிவிட்டது அந்த அக்காவுக்கு. "மக சேந்துட்டாளா?" என்று மட்டும் சார் கேட்டார். "சேந்துட்டா ஐயா. நானும் அங்கிட்டே போறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். எந்த ஊர் என்று சார் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. போன இடத்திலாவது பம்பாய்க் கதை நிலைத்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அது என்னை உறுத்தாத வருடமில்லை.

சார் அதற்குப் பிறகு யாருக்கும் வாசிக்கவில்லை. நோட்டரி நியமனத்தைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார். "கண்ணு மங்குனா கண்ணாடி போடுவோம்ல, அது மாதிரி நெனச்சிருந்தேன். காது போனா அடுத்தவ குடும்பம்ல போயிருது" என்று ஒருமுறை சொன்னார். அலுவலகத்தைக் காலி செய்த அன்று மேஜையும் அலமாரியும் விலைக்குப் போயின. விசிறியை மட்டும் என்னை எடுத்துப் போகச் சொன்னார்.

கூண்டில் அந்தத் தகரத் துண்டு இன்னும் இருக்கிறது. இப்போதெல்லாம் எந்தக் கவுண்டருக்குப் போனாலும் புருஷன் செத்த தேதியையும் என் போன் நம்பரையும் வரிசை முழுக்கக் கேட்கும்படிதான் கேட்கிறார்கள். நான் தாளில் எழுதி நீட்டினால் ஊமையோ என்று பார்க்கிறார்கள். வீட்டில் என்னைக் கேலி செய்ய வேறு ஒன்று இருக்கிறது. நாங்கள் இப்போது இருக்கும் ஒத்தக்கடைப் பக்கம் இன்னமும் கரண்ட் போகும். நான் பேசிக்கொண்டிருக்கும்போது போனால், பாதிச் சொல்லில் என் வாய் மூடிக்கொள்ளும். "அத்தே, இருட்டுல வாய் தெரியாதா ஒங்களுக்கு?" என்பாள் மருமகள். இத்தனைக்கும் பெரும்பாலும் பால் கணக்கோ, பக்கத்து வீட்டுப் பூனையோதான் பேச்சாக இருக்கும். ஆனாலும் விசிறி மறுபடி கடகடக்கும் வரைக்கும் நான் மீதியைச் சொல்வதில்லை.