பெட்டிச் சாவியும் ஹேமாவதியும்

திருத்தணி மலைக்குக் கீழே, பவர்லூம் சத்தம் ஓயாத தெருவில் போய் ஹேமாவதி வீடு எது என்று கேட்டால் சட்டென்று யாருக்கும் தெரியாது. பெட்டிக்காரம்மா வீடு என்றால் வாசல்வரை கூட்டிக்கொண்டுவந்து விட்டுவிட்டு, ஒரு வாய் தண்ணீரும் வாங்கிக் குடித்துவிட்டுப் போவார்கள்.

அவள் பிறந்தது பள்ளிப்பட்டுப் பக்கம். அவள் பெரியப்பா கட்டியிருந்தது கூத்து வாத்தியார் கண்ணையனுடைய சின்னம்மா மகளை. அதனால் கண்ணையன் தன் இளைய மகன் முருகவேலுக்குப் பெண் கேட்டு வந்தபோது யாரும் யாரையும் அறிமுகம் செய்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. எந்தக் கல்யாணத்தில் யாருக்குப் புடவை எடுக்காமல் விட்டார்கள் என்ற பழைய சண்டையை, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். அது முடிவதற்குள் நிச்சயதார்த்தம் முடிந்துவிட்டது.

கண்ணையனின் ஜமா, அதாவது கூத்துக் குழு, ஆந்திர எல்லைக்கு இந்தப் பக்கமும் ஆடும், அந்தப் பக்கமும் ஆடும். இந்தப் பக்கம் தமிழ்ப் பாட்டு, அந்தப் பக்கம் தெலுங்குப் பாட்டு, திட்டுவது மட்டும் இரண்டு பக்கமும் எது முதலில் வாய்க்கு வருகிறதோ அது. வயசாகிப் படுத்தபோது கண்ணையன் வேஷப் பெட்டியின் சாவியை மூத்த மகன் பூபாலனிடம் கொடுக்கவில்லை. பூபாலன் ஒருமுறை பீமனுடைய கதாயுதத்தை அரக்கோணம் பஸ்ஸில் மறந்து வைத்துவிட்டு இறங்கியவன். அன்றைக்குப் பீமன் வாழைத்தண்டைத் தோளில் வைத்துக்கொண்டு சபதம் செய்தான். கண்ணையனுக்கு அது கடைசிவரை ஆறவில்லை. சாவி சின்ன மருமகள் இடுப்புக்குப் போனது.

சாவி என்றால் பூட்டுக்கு மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. எந்த ஊருக்கு எந்த நாள், எந்த வண்டி, யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தால் அடிதடி வராது, எல்லாம் அந்தச் சாவியோடு சேர்ந்தது. துரியோதனன் கட்டும் தணிகைமணிக்குச் சர்க்கரை வியாதி; படுகளத்தில் சாவதற்கு முன் அவனுக்கு இட்லி கொடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் நிஜமாகவே விழுந்துவிடுவான். திரௌபதி வேஷம் டில்லிபாபு. பகலில் அரக்கோணத்தில் ஒரு காண்டிராக்ட்காரரிடம் வேலை. அவன் மேஸ்திரியிடம் லீவு கேட்க எந்தப் பெரியப்பாவைச் சாகடித்தாயிற்று, எந்தச் சித்தப்பா இன்னும் பாக்கி இருக்கிறார் என்பதெல்லாம் ஹேமாவதி தலைக்குள்தான் இருந்தது. ஒரே ஆளை இரண்டு தடவை சாகடித்ததாக அவள் பேரில் புகாரே கிடையாது.

பூபாலன் மட்டும் சாவியை மறக்கவில்லை. அப்பாவின் கருமாதி அன்றே, மொட்டைத் தலையோடு, ஜமா மொத்தத்தையும் வைத்துக்கொண்டு சொன்னான்.

"ஒரு ஊராச்சும் தாம்பூலம் குடுத்துட்டு, கூத்து வரலன்னு காலிக் களத்தப் பாத்துகினு ஒக்காந்துச்சுன்னா, அன்னிக்கி சாவி என் கைக்கு வந்துடணும்."

"ஆங், தர்றேன் பாவா" என்றாள் ஹேமாவதி. கணவனின் அண்ணனை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

கூத்துக்காரர்களுக்குத் தாம்பூலம்தான் பேச்சு. ஊர்ப் பெரியவர் வெற்றிலை பாக்கை நீட்டி நாளைச் சொல்வார். கை நீட்டி வாங்கிவிட்டால் மழை வந்தாலும் இழவு விழுந்தாலும் போயாக வேண்டும். ஹேமாவதி வாங்கின ஒரு தாம்பூலமும் அதுவரை பொய்த்ததில்லை.

பொய்க்கப் பார்த்தது ஓர் ஆடி வெள்ளிக்கிழமை. ஆர்.கே.பேட்டைக்கு அந்தப் பக்கத்து ஊரில் மத்தியானம் அர்ஜுனன் தபசு. அந்த ஊர்த் தர்மகர்த்தா சாமிநாதன் காலையிலேயே வேன் கொண்டுவந்துவிட்டார். பெட்டியை ஏற்றிக் கயிறு கட்டும் நேரத்தில் ஆந்திர நம்பர் போட்ட குட்டியானை லாரி ஒன்று வந்து நின்றது. நகரிப் பக்கத்துப் பெரியவர் முனிரத்தினம் இறங்கினார். மாலைகூடக் கொண்டுவந்திருந்தார்.

"பெட்டிய இதுல ஏத்துங்கப்பா" என்றார்.

"ஏத்தியாச்சே. நீங்க யாரு?" என்றார் சாமிநாதன்.

ஹேமாவதி அவசரமாக முன்னால் வந்தாள். "நைனா, உங்க ஊருக்குக் கடைசி வெள்ளி ஆச்சே. இன்னிக்கி மொத வெள்ளிதானே?"

"ஆடிக்கு மொத வெள்ளிம்மா. நான் சொன்னது ஆஷாடம் கடைசி வெள்ளி. அமாவாசை வந்தா எங்க மாசம் முடிஞ்சிபோது. ஊரே தோரணம் கட்டிகினு ஒக்காந்துங்கீது."

விஷயம் அவ்வளவுதான். தமிழ்க்காரர் ஆடி சூரியனைப் பார்த்துப் பிறக்கிறது. ஆந்திரக்காரர் ஆஷாடம் அமாவாசையைப் பார்த்துப் பிறக்கிறது. அந்த வருஷம் ஆஷாடம் முந்திக்கொண்டு ஆனியிலேயே வந்து உட்கார்ந்து, ஆடி தலைகாட்டும்போது மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. அம்மா வீட்டில் தெலுங்கு பேசி வளர்ந்தவளுக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் முனிரத்தினம் தாம்பூலம் நீட்டியது ஒரு கல்யாணப் பந்தியில். சம்பந்தி வீட்டுக்கு ரசம் போகவில்லை என்ற கலவரத்தில், ஆஷாடத்தை ஆடிக் கணக்கில் போட்டு வாங்கி மடியில் கட்டிக்கொண்டுவிட்டாள்.

பூபாலன் துண்டை உதறிக்கொண்டு வெளியே வந்தான். அர்ஜுனன் வேஷம் அவனுடையது; தபசு கட்டும் நாளில் பட்டினி. முகம் மட்டும் விருந்து சாப்பிட்ட மாதிரி இருந்தது.

"எங்கப்பா இருந்திருந்தா இப்ப இன்னா சொல்லியிருப்பாருன்னு யோசன பண்றேன் ஹேமா."

"கதாயுதத்த எங்கடா வுட்டன்னு கேட்டிருப்பாரு பாவா."

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. இரண்டு பெரியவர்களையும் பார்த்துக் கைகூப்பினாள். "ரெண்டு ஊரும் நம்ம ஊரு. மத்தியானம் இவங்க தபசு. பொழுது சாயறதுக்குள்ள அத முடிச்சிட்டு, விளக்கு வெக்கறதுக்கு உங்க ஊருல இருப்போம் நைனா. உங்களுக்குத் திரௌபதி கல்யாணம். யாரும் வேஷம் கலைக்கக் கூடாது. அப்படியே வண்டி ஏறணும்."

முனிரத்தினம் மாலையை டிரைவரிடம் கொடுத்தார். "விளக்கு வெச்சும் வரலன்னா ஊருக்கு நான் பதில் சொல்லணும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

தபசு மரம் தென்னை உயரத்துக்கு நட்டிருந்தது. அர்ஜுனன் படிக்கு ஒரு பாட்டாகப் பாடி ஏறி, உச்சிப் பரணில் உட்கார்ந்து பூஜை செய்து, எலுமிச்சம்பழமும் விபூதியும் கீழே வீசுவான். பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் குளித்த ஈரத்தோடு முந்தானையை ஏந்தி நிற்பார்கள். சிவன் வந்து பாசுபத அம்பைக் கொடுத்தால் தபசு பலித்தது, அர்ஜுனன் இறங்கலாம். அதற்கு முன் அவனை யாரும் இறங்கச் சொல்லக் கூடாது.

பூபாலனுக்கு அறுபது நெருங்குகிற வயசு. மூட்டு வலி. ஏறும்போது முனகிக்கொண்டேதான் ஏறினான். உச்சிக்குப் போனதும் தொண்டை திறந்தது. அங்கிருந்து அவனுக்கு வேனும் தெரிந்தது, மேற்கே சரிகிற சூரியனும் தெரிந்தது. பாடினான். எல்லாப் பெண்களுக்கும் பழம் கிடைத்தது. கிடைத்தவர்களுக்கே மறுபடி கிடைத்தது. பிள்ளை குட்டியோடு வேடிக்கை பார்க்க வந்த ஒருத்தி மடியில்கூட ஒன்று விழ, அவள் பதறிப்போய்ப் பக்கத்தில் நின்றவளுக்குத் தள்ளிவிட்டாள். பூபாலன் நிறுத்தவில்லை. பாஞ்சாலி துயரம் பாடினான், வனவாசம் பாடினான், கதைப்படி இன்னும் போருக்கே போகாத அபிமன்யு செத்ததற்கு ஒரு ஒப்பாரியும் வைத்தான்.

ரப்பர் பாம்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சிவனாக நின்ற தணிகைமணி திரைக்குப் பின்னால் ஹேமாவதியிடம் வந்தான்.

"யக்கா, நான் கைலாசத்துலேந்து எறங்கி எவ்ளோ நேரமா நின்னுகினுகீறேன். 'அர்ஜுனா, மெச்சினோம்'னு தொண்ட கிழியக் கத்தறேன். மேல இருக்கறவரு காதுலயே வாங்கல."

"வேணும்னே பண்றாரு. அந்த ஊருக்கு நேரத்துக்குப் போகக் கூடாதுன்னு பொழுத இழுக்கறாரு."

"இன்னா பண்ணலாம்?"

மரத்தடியில் ஒரு கயிறு தொங்கியது. பழம் தீர்ந்தால் கூடையை அதில் கட்டி மேலே இழுத்துக்கொள்வது வழக்கம். கூடையை நிரப்புவது பெட்டிக்காரியின் வேலை. ஹேமாவதி எல்லாப் பெண்கள் மடியிலும் பழம் இருக்கிறதா என்று ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொண்டாள். பிறகு தணிகைமணியின் கையிலிருந்த பாசுபத அம்பை வாங்கினாள்.

"தொட்டு ஆசீர்வாதம் பண்ணிக் குடு. அப்பறம் சாமி குத்தம்னு எவனும் சொல்லக் கூடாது."

தணிகைமணி வாயில் ஏதோ முணுமுணுத்து, அம்பைக் கண்ணில் ஒற்றிக் கொடுத்தான். அவள் அதைக் கூடைக்குள் வைத்து, மேலே ஒரு பழத்தையும் வாடாத சாமந்தியையும் பரப்பிக் கயிற்றை ஆட்டினாள். பூபாலன் பாடிக்கொண்டே இழுத்தான். பாடிக்கொண்டே ஒரு பழம் வீசினான். அடுத்த பழம் என்று நினைத்து, கூட்டத்தைப் பார்த்தபடியே கையை விட்டு எடுத்து உயர்த்தினான். கையில் ஜிகினா ஒட்டிய அம்பு.

ஊரே பார்த்தது. "கோவிந்தா, கோவிந்தா" என்று எழுந்தது கூட்டம். அம்பு கிடைத்தபின் தபசு ஏது? ஹேமாவதி பெட்டி மூடியை டப்பென்று சாத்திக் கணவனைப் பார்த்தாள். அண்ணனுக்கும் பயம், பெண்டாட்டிக்கும் பயம் முருகவேலுக்கு. பெண்டாட்டி பக்கத்தில் நின்றாள். ஆர்மோனியத்தில் மங்களத்தை எடுத்துவிட்டான். சாமிநாதன் சூடம் கொளுத்தினார். ஊர் விழுந்து கும்பிட்டுவிட்டு மண்ணைத் தட்டிக்கொண்டு நடந்தது. உச்சியில் அர்ஜுனன் வாயைத் திறந்தபடி தனியாக இருந்தான்.

"மெதுவா எறங்குங்க பாவா, முட்டி பத்திரம்" என்றாள் ஹேமாவதி.

வேன் பொதட்டூர்பேட்டையைத் தாண்டும்போது டில்லிபாபு திரௌபதிக்குப் புருவம் எழுதிக்கொண்டிருந்தான். ஒரு வேகத்தடையில் இடது புருவம் காதுவரை போய்விட்டது. எல்லைச் சோதனைச் சாவடியில் போலீஸ்காரர் உள்ளே டார்ச் அடித்தார். சிவன், பாதித் திரௌபதி, மூலையில் உர்ரென்று ஜடாமுடியோடு ஒருவர்.

"யாரு இவரு?"

"அர்ஜுனன் சார். கல்யாணத்துக்குப் போறோம்" என்றான் டில்லிபாபு.

"மாப்பிள்ள ஏன் மூஞ்சத் தூக்கி வெச்சினுகீறாரு?"

"காலையிலேந்து சாப்படல சார்."

அர்ஜுனன் ஏதோ பதில் சொல்ல வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. இருமிப் பார்த்தான், கனைத்துப் பார்த்தான். அபிமன்யுவுக்கு வைத்த ஒப்பாரியோடு குரல் மரத்திலேயே தங்கிவிட்டது.

 விளக்கு வைக்கும் நேரத்துக்குக் களம் போய்ச் சேர்ந்தார்கள். முனிரத்தினமும் மாலையோடு முன்னால்தான் நின்றார். ஆனால் ஊமை அர்ஜுனனை வைத்துத் திரௌபதிக்கு எப்படிக் கல்யாணம் செய்வது? கூத்து நின்றால் நின்றதுதான். யாரால் நின்றது என்று ஊர் கேட்கப்போவதில்லை. சாவி போகும். பூபாலனும் அதைத்தான் நினைத்திருப்பான். ஆனால் அவன் முகம் இப்போது விருந்து சாப்பிட்ட மாதிரி இல்லை. களத்தைச் சுற்றித் திரண்டு உட்கார்ந்திருந்த ஜனத்தைப் பார்த்துவிட்டுத் தம்பி பெண்டாட்டியின் முன்னால் தொண்டையைத் தொட்டுக் காட்டினான். கண் கலங்கியிருந்தது. வேஷக்காரன் அல்லவா, களத்தைப் பார்த்தபின் சாவியெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"நீங்க ஆடுங்க பாவா. வாய மட்டும் அசைங்க" என்றாள். பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். "ஏங்க, இத்தினி வருஷமா அவரு பாடற அடிய ரெண்டாவதா பாடிகினுகீறீங்க. இன்னிக்கி மொத அடியயும் நீங்களே பாடிடுங்க."

"அண்ணன் கோச்சிக்குமே" என்றான் முருகவேல்.

"கோச்சிக்கிறதுக்கும் கொரல் வேணுமில்ல?"

இரண்டு பேர் திரையைப் பிடித்தார்கள். திரைக்கு இந்தப் பக்கம் முருகவேல் ஆர்மோனியத்துக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு பாடினான். அந்தப் பக்கம் பூபாலன் கிறுகிறுவென்று சுற்றி ஆடி வாயை அசைத்தான். பாட்டின் பாரம் குறைந்ததாலோ என்னவோ, அன்றைக்கு அவன் ஆட்டம் பழைய ஆட்டமாக இருந்தது.

அர்ஜுனன் உள்ளே வந்து மூச்சு வாங்கும்போது முனிரத்தினம் வேஷக் கொட்டகைக்குள் தலையை நீட்டினார். பூபாலனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"இந்த வயசுல இன்னா கொரலு சாமி உனக்கு. தேன் ஊத்தின மாதிரி."

பூபாலன் தம்பியைப் பார்த்தான். முருகவேல் ஆர்மோனியத்தின் துருத்தியில் தூசி தட்டினான். முனிரத்தினம் போனார். ஹேமாவதி இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பெட்டியின்மேல் வைத்தாள்.

"தப்பு என்னுதுதான் பாவா. ஆஷாடத்த ஆடின்னு வாங்கினது நான். ஜமா மொத்தமும் இருக்குது. வாயத் தெறந்து, எனக்கு வேணும்னு ஒரு வார்த்த சொல்லுங்க. எடுத்துக்கோங்க."

எல்லாரும் பூபாலன் வாயையே பார்த்தார்கள். அவன் திறந்தான். உதடு அசைந்தது, தொண்டை முடிச்சு ஏறி இறங்கியது. கொஞ்சம் காற்று வந்தது.

அவள் முறைப்படி, நிதானமாகக் காத்திருந்தாள்.

"வேணாங்கறாரு" என்று சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, அவனுக்கு மிளகுப்பால் காய்ச்சச் சொல்லி ஆள் அனுப்பினாள்.