குரல் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது

வெல்டா கிரைடர் எங்கள் பள்ளிக்கு வருவதற்கு முன் கால்நடைச் சந்தையில் மைக்கைப் பிடித்து ஏலம் கூவியவள். ஓக்லஹோமா மாநிலத்தில் எங்கள் பக்கத்து மாடுகளுக்குக்கூட அவள் குரல் தெரியும். கணவன் இறந்த பிறகு உதவி ஆசிரியையாகச் சேர்ந்தாள். கதை வாசித்தால் ஓநாய்க்கு ஒரு குரல், ஆட்டுக்கு ஒரு குரல். நான் பள்ளிச் சமையலறையில் சோள ரொட்டி சுட்டுக்கொண்டே காதைத் தீட்டிக் கேட்பேன்.

ஏப்ரல் வந்தால் கதையெல்லாம் நின்றுபோகும். மாநிலத் தேர்வு. நடத்துவது எங்கோ இருக்கிற ஒரு கம்பெனி. அதன் மாதிரித் தேர்வுகளை வாங்கிய செலவில் நூலகருக்குச் சம்பளம் இல்லாமல் போய், நூலகத்தையே பூட்டிவிட்டார்கள். சுவரில் பிள்ளைகள் வரைந்த படங்களைப் பழுப்புக் காகிதம் ஒட்டி மறைக்க வேண்டும், விடை தெரிந்துவிடுமாம். நான் பாத்திரத்தைச் சத்தமில்லாமல் கழுவ வேண்டும், அதற்கும் உத்தரவு.

அந்த வருடம் மூன்றாம் வகுப்பில் டெஸ்ஸா என்று ஒரு சிறுமி இருந்தாள். பார்வை மங்கல், சின்ன எழுத்து கண்ணுக்குத் தெரியாது. பெரிய எழுத்துத் தாள் வேண்டுமென்றால் முந்தின வருடமே கேட்டிருக்க வேண்டுமாம். அவளோ கிறிஸ்துமஸுக்குப் பிறகு வந்து சேர்ந்தவள். சரி, யாராவது வாசித்துக் காட்டட்டும் என்றார்கள். தேறாவிட்டால் நான்காம் வகுப்பு கிடையாது. வெல்டாவைத் தவிர யாரிடமும் வாய் திறக்காத பிள்ளை என்பதால் வெல்டாவையே போட்டார்கள்.

விதிகளைக் கேளுங்கள். வாசிக்கும்போது குரல் ஏறக் கூடாது, இறங்கக் கூடாது. சிரிக்கக் கூடாது. தாளில் இல்லாத ஒரு சொல்கூடப் பேசக் கூடாது. வெல்டா என் சமையலறைக்கு வந்து பழகிப் பார்த்தாள்.

"என்னடி இது, போலீஸ்காரன் வாரன்ட் படிக்கிற மாதிரி இருக்கு?" என்றேன்.

"அப்படித்தான் இருக்கணுமாம், ரூபி. நீ சிரிக்காத, எனக்கும் சிரிப்பு வந்துடும்."

தேர்வன்று அறையில் டெஸ்ஸா, வெல்டா, மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்த ஒரு கண்காணிப்பாளர், அவ்வளவு பேர்தான். நடந்ததை வெல்டாவே என்னிடம் சொன்னாள். முதல் கேள்வியை மொட்டையாக வாசித்தாள். டெஸ்ஸா நிமிர்ந்து அவள் முகத்தையே பார்த்தாள். அடுத்த கேள்விக்குப் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

"மிஸ் வெல்டா, என் மேல கோவமா? நான் என்ன பண்ணேன்?"

வெல்டா கேள்வியை மறுபடி வாசித்தாள். அதற்கு மட்டும்தான் அனுமதி. பிள்ளை அழ ஆரம்பித்தது.

"இல்லடா கண்ணு. உன் மேல எனக்கு என்ன கோவம்? நீ எழுது."

டெஸ்ஸா மூக்கைத் துடைத்துக்கொண்டு கடைசிவரை எழுதினாள். அத்தனையும் சரி என்று வெல்டா என்னிடம் சத்தியம் செய்தாள். ஆனால் கண்காணிப்பாளர் புகார் கொடுத்துவிட்டார். அந்தத் தாளைக் கம்பெனி திருத்தவே இல்லை. செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். நல்லதுக்குக் காலமில்லை என்பது சும்மாவா?

"நான் என்ன பண்றது, வெல்டா?" என்றார் எங்கள் முதல்வர். "போன் பண்ணா மிஷின்தான் பேசுது. மறுதேர்வும் இல்லையாம்."

டெஸ்ஸாவின் அம்மா சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால்கூடத் தேவலை. "நல்ல மனசுலதான் பேசினீங்க, தெரியும்," என்றாள். "ஆனா கொஞ்ச நேரம் வாயை மூடிட்டு இருந்திருக்கலாமே."

ஆகஸ்டில் பள்ளி திறந்தபோது டெஸ்ஸா அதே மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். வெல்டாவுக்குத் தேர்வறைக்குள் இனி இடமில்லை. மற்றபடி வேலை இருந்தது. ஒரு நாள் நான் வகுப்புக்குப் பால் எடுத்துக்கொண்டு போனேன். வெல்டா ஒரு கதைப் புத்தகத்தோடு டெஸ்ஸா பக்கத்தில் உட்கார்ந்து, "எப்படிடா இருக்க, கண்ணு?" என்றாள்.

வாசலில் நின்ற என்னை யாரென்று தெரியாமல் பிள்ளை மிரண்டது. சட்டென்று வெல்டாவின் வாயைத் தன் கையால் பொத்தியது.

"பேசாதீங்க, மிஸ். யாரோ பாக்கறாங்க. மறுபடியும் என்னை ஃபெயில் ஆக்கிடுவாங்க."

அந்தச் சின்னக் கையை விலக்க வெல்டாவுக்கு மனம் வரவில்லை. அந்த வாரமே வேலையை விட்டுவிட்டாள்.