ஆரியாவா, ஏரியாவா?

1. செருப்பைக் கழற்றிவிட்டு வந்தவர்கள்

எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டின் டைம் ஆபீசில் நான் சேர்ந்த காலத்தில், ஆள் எடுப்பது ரொம்ப சுலபமான வேலை. கேட்டில் நிற்பவரை ஃபோர்மேன் ஏற இறங்கப் பார்த்துவிட்டு "எந்த ஏரியா?" என்பார். வியாசர்பாடி, புளியந்தோப்பு என்று, ஊர் ஒதுக்கிவைத்த வடசென்னைப் பகுதியின் பேர் வந்தால் "சொல்லி அனுப்புறோம்" என்பார். அப்படி யாருக்கும் சொல்லி அனுப்பி நான் பார்த்ததில்லை.

நான் ஓய்வு பெறும் வருஷத்தில் அந்த மெஷின் வந்தது. மேஜை மேல் ஒரு டேப்லெட், பக்கத்தில் ஸ்பீக்கர். செயற்கை நுண்ணறிவு கேள்வி கேட்கும். ஆள் வாயால் பதில் சொல்ல வேண்டும். மேனேஜருக்கு டோக்கன் நம்பரும் மார்க்கும் பேச்சின் எழுத்து வடிவமும் மட்டும் போகும். பேர், முகம், முகவரி எதுவும் போகாது. ஒவ்வொருவரையும் உட்காரவைத்துப் பட்டனை அழுத்துவது என் வேலை.

முதல் நாள் வந்தவர்களைப் பார்த்திருக்க வேண்டும். ஒருவர் கோயிலுக்குள் நுழைவதுபோல் வாசலில் செருப்பைக் கழற்றினார். இன்னொருவர் டேப்லெட்டுக்கு வணக்கம் வைத்துவிட்டு, அது உட்காரச் சொல்லட்டும் என்று நின்றுகொண்டே இருந்தார். அது எங்கே சொல்லப்போகிறது? நான்தான் சொன்னேன்.

எங்கள் ஃபோர்மேன் தேவராஜுக்கு ஒரே சிரிப்பு. "மேடம், நம்ம பாச இதுக்கு இன்னா தெரியும்? 'இன்னா'ன்னு சொன்னா, இன்னான்னே திருப்பிக் கேக்கும் பாருங்க."

முதலில் உட்கார்ந்த பையன், கிரேனில் தொங்கும் பெட்டியை எப்படிப் பிடிப்பாய் என்ற கேள்விக்குப் பயத்தில் செய்தி வாசிப்பதுபோல் பேச ஆரம்பித்து, பாதியில் திணறிவிட்டான். மெஷின் நிதானமாக, "நீங்க வீட்ல பேசுற மாதிரியே பேசலாம்" என்றது.

"நெசமாவா? அப்ப கேளு. பெட்டி ஆடிகினு கீதுன்னா நான் கிட்டவே போமாட்டேன். கயிறு கட்டி, தூர நின்னு புடிச்சுக்குவேன்."

"கயிறு கட்ட மறந்துட்டாங்கன்னா என்ன செய்வீங்க?"

அவன் பேச்சு அதற்கு அப்படியே புரிந்திருந்தது. தேவராஜின் சிரிப்பு நின்றது.

2. மேகலா

மூன்றாம் நாள் மேகலா வந்தாள். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஒரு கான்ட்ராக்டரிடம் கிரேனுக்குக் கீழே நின்று சிக்னல் கொடுத்தவள். கான்ட்ராக்ட் முடிந்து வேலை போய்விட்டது. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு சிக்னல் வேலை, நிரந்தர வேலை.

"வேலயப் பத்தி கேக்கற வரைக்கும் நல்லாத்தான் கேக்கறாங்கக்கா. அப்பால ஏரியா கேக்கறாங்க. அத்தோட மூஞ்சி மாறிடுது. இது கேக்காதுன்றாங்களே, நெசமா?"

"கேக்காது. தைரியமா குந்து" என்றேன்.

ஏசி கெட்டுப்போய் ஜன்னல் திறந்திருந்தது. வெளியே ஹைட்ரா கிரேன் ஒரு ஜெனரேட்டரைத் தூக்கி நிறுத்தியிருந்தது. மேகலா பட்பட்டென்று பதில் சொன்னாள். பிறகு மெஷின் கேட்டது: "சரக்கைக் கீழே இறக்க ஆபரேட்டருக்கு என்ன குரல் கொடுப்பீங்க?"

துறைமுகத்தில் இதற்கு ஒரே வார்த்தைதான். ஆரியா என்றால் இறக்கு. எந்த ஊர்க்காரனுக்கும் புரியும்.

"ஆரியா" என்றாள், கூச்சத்தில் கொஞ்சம் மெதுவாக.

மெஷின் ஒரு நொடி யோசித்தது. "ஏரியான்னு சொன்னீங்க. எந்த ஏரியா?"

மேகலாவின் முகம் செத்துப்போனது. தைரியம் சொல்லி உட்காரவைத்தவள் நான்தானே. அவள் எழுந்துவிட்டாள். டேப்லெட்டைப் பார்த்து ஒரே கத்து.

"நீயும் அதத்தான் கேப்பியா? வியாசர்பாடி! போதுமா? எய்திக்கோ!"

பிறகு மெஷின் பேசியது.

"மன்னிச்சிடுங்க. சரக்கை எந்த ஏரியாவுல இறக்கணும்னுதான் கேட்டேன். நீங்க எங்க இருக்கீங்கன்னு நான் கேட்கக்கூடாது. அதுக்கு இங்க மார்க்கும் இல்ல. உங்க வார்த்தைய நான் தப்பாக் கேட்டிருக்கேன்னு நினைக்கிறேன். கிரேன் பக்கத்துல நின்னா எப்படிச் சொல்வீங்களோ, அப்படியே ஒரு தடவை சொல்லுங்க."

மேகலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூச்சை இழுத்துப் பிடித்து, யார்டுக்கே கேட்கிற குரலில் கொடுத்தாள்.

"ஆரியா...!"

ஜன்னலுக்கு வெளியே ஜெனரேட்டர் மெல்ல இறங்கித் தரையில் உட்கார்ந்தது. ஹைட்ரா ஆபரேட்டர் தலையை நீட்டி, "யாருப்பா அது, புது சிக்னலா?" என்றார்.

"ஆரியா. இறக்கு. இப்போ சரியாக் கேட்டேன், நன்றி" என்றது மெஷின். மேகலா அழுதுகொண்டே சிரித்தாள்.

3. நீக்கப்பட்ட வரி

எனக்கு ஒரு கவலை பாக்கி இருந்தது. அவளே வாய்விட்டு ஏரியாவைச் சொல்லிவிட்டாளே, அது எழுத்தில் மேனேஜருக்குப் போகுமே. மறுநாள் அவர் அறையில் திரையைப் பார்த்தேன். வியாசர்பாடி இருக்க வேண்டிய இடத்தில், "வேலைக்குத் தொடர்பில்லாத தகவல் நீக்கப்பட்டது" என்று இருந்தது. கையெடுத்துக் கும்பிடலாம்போல் இருந்தது.

"நீங்க பக்கத்துல இருந்தீங்களே, என்ன சொன்னாங்க?" என்றார் மேனேஜர்.

"வேலைக்குத் தொடர்பில்லாத விஷயம்தான் சார்" என்றேன்.

அதிக மார்க் அவளுக்குத்தான். வேலையும் அவளுக்கே கிடைத்தது.

அன்று டீக்கடையில் தேவராஜும் இருந்தார். ஆச்சரியம் தாங்காமல் நானே ஆரம்பித்தேன். "எத்தன வருஷமா ஏரியா கேட்டிருக்கோம் இந்த யார்டுல. கேட்டதுக்கு மன்னிப்புக் கேட்டது அந்த மெஷின் ஒண்ணுதான்."

"அதுவா கேக்கல மேடம். ஏரியா கேக்காதன்னு எவனோ அதுக்கு சொல்லிக் குடுத்துகிறான். கேளுன்னு சொல்லிக் குடுத்தா கேட்டுகினு இருக்கும்." டீயை ஒரு வாய் குடித்தார். "எங்களுக்குத்தான் ஒருத்தனும் சொல்லிக் குடுக்கல."

இப்போது ஆள் எடுக்கும் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: மெஷினைப் பார்த்து பிரமியுங்கள், தப்பில்லை, நானும் பிரமித்தேன். அதற்கு என்ன சொல்லிக் கொடுக்கிறீர்கள் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் ஓய்வு பெற்ற அன்று மாலை கேட்டில் புதிதாக ஒருவர் வேலை கேட்டு நின்றார். உள்ளே மேகலாவின் ஆரியா கணீரென்று கேட்டது. தேவராஜ் பழக்க தோஷத்தில் "எந்த..." என்று ஆரம்பித்தார். நான் பார்ப்பதைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இன்னா வேல தெரியும் உனக்கு?"