அவரை இலையில் ஒரு கோடு

சேலத்தில் எங்கள் மாடித் தோட்டத்துத் தக்காளி இலையில் இன்று காலை வளைந்து வளைந்து ஒரு வெள்ளைக் கோடு. பார்த்ததும் ஏற்காட்டு மலையில் நான் படித்த பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டேன்.

மூன்றாம் வகுப்பில் ஆளுக்கொரு இலை கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அப்படிக் கோடு விழுந்த அவரை இலையை டீச்சரிடம் நீட்டினேன்.

"உள்ள புழு இருக்குதுங்க டீச்சர்."

ஊசியால் கீறிவிட்டுப் பொய் சொல்கிறேன் என்று என்னை வெளியே நிறுத்திவிட்டார்.

மதியம், தோட்டத்தில் பறித்த பழத்தை எடை போடப் பள்ளி வழியே போன அம்மா என்னைப் பார்த்துவிட்டாள். காப்பிப் பழம் பறிக்கும் சாக்கு இடுப்பில் தொங்க, நேரே வகுப்புக்குள் நுழைந்தாள். கோடு தடிக்கும் முனையை நகத்தால் பிரித்து, மஞ்சள் புழுவை எடுத்து டீச்சரின் உள்ளங்கையில் வைத்தாள்.

"சின்ன ஈ வெச்ச முட்டையில வந்ததுங்க. தக்காளி, பீன்ஸு, அவரை, எதையும் உடாது. ஏனுங்க டீச்சர், எம்புள்ள பொய் சொல்லலைன்னு எல்லாத்துக்கும் கேக்கற மாதிரி ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க."

டீச்சர் சொன்னார். நான் தலை நிமிர்ந்து நடந்துபோய் என் இடத்தில் உட்கார்ந்தேன்.

"பூச்சி அடிச்ச இலைம்மா, கிள்ளிப் போட்டரட்டுமா?" என்கிறாள் மாடியில் என் பக்கத்தில் நிற்கும் மகள்.

"இருக்கட்டும் கண்ணு" என்கிறேன். எனக்காகச் சாட்சி சொன்ன புழுவின் வம்சம் அது.